விளக்கடி வளையம்

அத்தியாயம் பதினொன்று

பின்பனிக் காலத்தின் கடைசி நாள்கள். பனி வானிலிருந்து இறங்குவதாகத் தெரியவில்லை. இரவெல்லாம் மண்ணுக்குள்ளிருந்து கசிந்து எழுந்து, விடியும்போது மரங்களின் இடுப்பளவுக்கு நின்றது. கிளைகள் மட்டும் மேலே மிதந்தன. கதிரவன் எழுந்துவிட்டான் என்பதற்குக் கிழக்கே தளும்பிய ஒரு வெளிர்மஞ்சளைத் தவிர வேறு சான்று இல்லை. இப்பருவத்தில் ஓசைகளும் தளர்நடை போடும். எங்கோ ஒரு கதவு திறக்கும். அது திறந்த செய்தி நெடுநேரம் கழித்தே செவிக்கு வந்து சேரும். உலகம் கண்விழித்த பின்னும், விட்டுவந்த கனவை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்ளும் வேளை அது.

அந்த வெண்மைக்குள், வீட்டின் பின்புறக் கொட்டகை வாயிலில், செவிலி நின்றிருந்தாள். அவள் கையில் தலைக்கவசம் இருந்தது. சட்டைப்பையில் ஒரு கடிதம் இருந்தது.

கடிதத்தின் கதையை வாசகர் அறிவர். மலையுச்சியில் இருக்கும் சிகிச்சை நிலையத்துக்கு ஒரு செவிலி வேண்டும். சென்ற மழையில் சாலை சரிந்துபோனது. மிச்சமிருப்பது பாறையும் வேருமாய்க் கிடக்கும் தடம். நடந்தால் ஐந்து மணி நேரம். அந்தத் தடத்தில் ஏறவல்ல வண்டி ஓட்டத் தெரிந்தவர் என்றால் ஒரு மணி நேரத்துக்குள் மேலே போய்விடலாம். “சம்மதமா, இல்லையா, எழுத்தில் தெரிவிக்க” என்றிருந்தது. கெடு நாளை நண்பகலோடு முடிகிறது. சம்மதம் இல்லையென்றால் கீழேயே மருந்துக் கிடங்கில் ஓர் இருக்கை காத்திருந்தது. அங்கே நோயாளி என்று ஒருவரும் வருவதில்லை, பெட்டிகள்தாம் வரும்.

நோயாளியின் மணிக்கட்டைப் பிடிக்காத விரல்கள் தனக்கு எதற்கு என்று அவள் அண்ணியிடம் ஒருநாள் கேட்டிருந்தாள். அத்தகையவள், சென்ற வாரம் வரை, இரண்டு ஆண்டுகளாக எந்த இருசக்கர வண்டியிலும் ஏறியதில்லை. அண்ணனின் பின்னால் அமர்ந்து ஏரிக்கரை வளைவில் சென்ற மாலையோடு அது நின்றுபோயிற்று. இடது முழங்காலில் இன்னும் அந்த மாலையின் தழும்பு இருந்தது.

வளைவில் வேகத்தைக் குறைக்காதது தன் குற்றம் என்று அண்ணன் நம்பினான். அது பொய் என்பது தங்கைக்கு மட்டுமே தெரியும். அன்று ஏரிக்கு மேலே கொக்குகள் வரிசையாகப் பறந்தன. சொல்லாமல் கொள்ளாமல் உடம்பை முழுதாகத் திருப்பி அவற்றைப் பார்த்தவள் அவள். வண்டி சாய்ந்தது அதனால். கட்டுப் போட்ட நாள்களில் சொல்ல வாய் வரவில்லை. பின்னர், சொல்லாத நாள்கள் சேரச் சேர, சொல்வது கடினமாயிற்று.

கடைசல் பட்டறை வைத்திருக்கும் அந்த அண்ணன், கடிதம் வந்த வாரமே ஒரு வண்டி வாங்கிவந்தான். மூன்று ஊர் தாண்டி, தேனீ வளர்க்கும் ஒருவரிடம் சாக்கு போர்த்திக் கிடந்த பழைய டிரையல்ஸ் வண்டி. இருக்கை என்று சொல்லத்தக்க இருக்கை அதற்கு இல்லை. நின்றுகொண்டே ஓட்ட வேண்டும். பந்தயம் உண்டு, ஆனால் அதில் வேகத்துக்கு மதிப்பில்லை. பாறைமேல் நடைவேகத்தில், கால் ஊன்றாமல் ஏறி இறங்குவதே அதன் கலை. அண்ணி அதைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, “உட்கார இடமும் இல்லை, அவசரமும் இல்லை. இதுக்கு ஆமைன்னு பேர் வைங்க” என்றாள். பெயர் நிலைத்துவிட்டது.

ஏழு வாரம் ஆமை கொட்டகையில் கிடந்தது. கார்புரேட்டருக்குள் மெழுகு. டேங்கின் உட்புறம் ஓடு ஓடாக உரிந்தது. சக்கரத்தின் பேரிங்குகளைக் கையால் சுற்றினால் மணல் அரைபடும் ஓசை. ஒவ்வொன்றாகக் கழற்றி, கழுவி, மாற்றி, தேய்ந்த புஷ்களைத் தன் கையாலேயே கடைந்து பொருத்தினான் அண்ணன். கூடவே இன்னொன்றும் செய்தான். கழற்றியவற்றையெல்லாம் தராசில் வைத்தான். தேவையில்லை என்று தோன்றிய பாரம் எதுவாயினும் திரும்ப மாட்டவில்லை. விளக்குத் தாங்கி போயிற்று. பக்கத் தகடு போயிற்று. சங்கிலி மூடி போயிற்று. ஆறு கிலோ குறைத்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டான். யாருக்காகக் குறைக்கிறான் என்று அவன் சொன்னதில்லை. கேட்கவேண்டிய தேவை எவருக்கும் இருந்ததில்லை.

இன்று கற்கள்மேல் முதல் ஓட்டம்.

வீட்டுக்குப் பின்னால் வற்றிக் கிடக்கும் ஓடையில், தட்டைப் பாறையிலிருந்து சாய்ந்த மரம் வரைக்கும் ஏழு கற்கள். அதைத் தங்கை தானே தேர்ந்தாள். கால் ஊன்றாமல் அந்த மரத்தைத் தொட்டால் சம்மதம் என்று எழுதுவாள், ஊன்றினால் இல்லை. இந்த நிபந்தனையை அவள் கடவுளிடம் வைத்தாளா, கற்களிடம் வைத்தாளா என்பது அவளுக்கே தெரியவில்லை.

“சமதரையில ஒரு வாரமா நல்லாத்தானே ஓட்டுற. கிளட்ச்சை ஒரே விரலால பிடி. மத்தது வண்டி பார்த்துக்கும்” என்றான் அண்ணன்.

“வண்டிக்குக் கண் எங்கே இருக்கு? விளக்கைத்தான் பிடுங்கிட்டியே.”

அண்ணன் சிரித்தான். அவன் சிரிப்பில் பாதி பனியோடு போயிற்று.

முதல் கல்லில் ஆமை ஏறியது. இரண்டாவதிலும் ஏறியது. மூன்றாவது கல் சற்று உயரம். பாசி படர்ந்து பச்சைப் பட்டுபோல் இருந்தது. அதன் தோளில் முன்சக்கரம் ஏறிய கணத்தில் இயந்திரம் ஒரு விக்கல் விட்டு அடங்கியது. வண்டி நின்றது, அவள் கால் தரையில் இருந்தது.

மறுபடி. மூன்றாம் கல்லில் மறுபடியும் அதே விக்கல். இம்முறை பயந்து ஆக்சிலரேட்டரைத் திருகினாள். வண்டி துள்ளி எகிறிப் பக்கவாட்டில் இறங்கியது. கால் மீண்டும் தரையில்.

மூன்றாம் முறை அவள் விழுந்தாள். பெரிய வீழ்ச்சி அன்று. பாசிமேல், ஏறக்குறைய மென்மையாக, வண்டியும் அவளும் சாய்ந்து படுத்தார்கள். வலி இல்லை. ஆனால் ஓடிவந்த அண்ணனின் முகத்தை அவள் பார்த்துவிட்டாள். ஏரிக்கரை வளைவில், தூசிக்கு நடுவே, மேலிருந்து தன்னைக் குனிந்து பார்த்த அதே முகம். இரண்டு ஆண்டு கழித்தும் ஒரு சுருக்கம்கூட மாறாமல் அப்படியே இருந்தது.

“வேணாம்ணா,” என்றாள் எழுந்துகொண்டே. “என்னால ஆகாது. கிடங்குக்கே போறேன்.”

அவன் வண்டியைத் தானே எடுத்து அதே மூன்றாம் கல்லுக்கு விட்டான். அச்சமற்ற கையால் உறுமலோடு முறுக்கி ஒரே தாவலில் தாண்டிப் போனான். கோளாறு வண்டியில் இல்லை என்பதற்கு அதைவிட வேறு சாட்சி அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. அவனோ கார்புரேட்டரில்தான் ஏதோ மிச்சம் என்று முணுமுணுத்தபடி வண்டியைக் கொட்டகைக்குத் தள்ளிக்கொண்டு போனான்.

முற்பகல் கழிந்துகொண்டிருந்தது.

அண்ணிக்குத் தொழில் தையல். முன்னறையில் சன்னலை ஒட்டி அவள் இயந்திரம். மலைக்குப் போகும் நாத்தனாருக்காகக் கித்தானில் மருந்துப் பை ஒன்று தைத்துக்கொண்டிருந்தாள். செவிலி எதிரே தரையில் அமர்ந்து, மடியில் கடிதத்தை விரித்து, அதன் வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பை இனி வேண்டாம் என்று அவள் சொல்லியாயிற்று. தொடங்கியதைப் பாதியில் விட்டால் தனக்கு ராத்தூக்கம் வராது, வேண்டாதவள் அதில் வெங்காயம் வாங்கிக்கொள்ளட்டும் என்று அண்ணி சொல்லியாயிற்று.

பையின் மூலையில் நான்கு மடிப்பு ஒன்றாய்க் கூடும் இடம் வந்தது. அண்ணி மிதிப்பதை மெதுவாக்கினாள். ஊசி ஒவ்வொரு தையலாக, அவசரமின்றி, ஆழ்ந்த தூக்கத்தில் மூச்சு விடுபவரைப்போல், தடித்த துணியை ஊடுருவிப் போயிற்று.

“எங்கே நின்னுச்சு?” என்று நிமிராமலே கேட்டாள்.

“மூணாவது கல்லுல. மெதுவா போனா மூச்சு முட்டி அடங்கிடுது. கொஞ்சம் திருகினா துள்ளுது. ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணுமே இல்லை அண்ணி.”

அண்ணியின் வலக்கை, இயந்திரத்தின் பக்கத்திலிருந்த சக்கரத்தின்மேல் பதிந்தது. ஊசி நின்றது. வார்ப்பிரும்பால் ஆன பழைய சக்கரம். அவள் உள்ளங்கை பட்டுப் பட்டு விளிம்பு பளபளத்தது. சிறிது நேரம் அதையே பார்த்திருந்தாள். பிறகு எழுந்து கொட்டகைக்கு நடந்தாள். இவளும் பின்னே போனாள்.

அண்ணன் கார்புரேட்டரை மூன்றாம் முறையாகப் பிரித்து வைத்திருந்தான்.

“என்னங்க. இதிலேருந்து ஒரு இரும்பு வளையம் கழட்டினீங்களே, அது எதுக்கு இருந்துச்சு?”

“எதுக்கும் இல்லை. எஞ்சினோட சுத்துற மேக்னெட் சக்கரத்து மேல நாலு திருகு போட்டு மாட்டியிருந்துச்சு. ஒண்ணேகால் கிலோ, சும்மா பாரம்.”

“அந்தத் தேன்காரர் வேலைவெட்டி இல்லாமலா நாலு திருகு போட்டு மாட்டினாரு?”

அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் விடவில்லை. சென்ற ஆண்டு தன் இயந்திரத்தின் சக்கரம் விரிசல் விட்டதும், கடைக்காரர் பிளாஸ்டிக்கில் லேசான சக்கரம் ஒன்று போட்டுக் கொடுத்ததை நினைவூட்டினாள். மெல்லிய துணிக்குப் பறந்தது. தடித்த மடிப்பில் மெதுவாக மிதித்தால் ஊசி பாதி வழியில் நின்றுவிடும். வேகமாக மிதித்தால் தையல் கோணிப்போகும். நான்கு நாள் அழுது, பழைய இரும்புச் சக்கரத்துக்கே பற்றுவைக்கச் சொல்லித் திரும்பப் போட்டுக்கொண்டாள். “கனம் இருந்தாத்தான் சுத்தினது சுத்திக்கிட்டே இருக்கும். இருபது வருஷமா லேத் ஓட்டுறீங்க. உங்களுக்கு நான் சொல்லணுமா?”

அண்ணன் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தான். பிறகு தேன்காரரைத் தொலைபேசியில் அழைத்து, எல்லாரும் கேட்கும்படி வைத்தான்.

மறுமுனையில் முதலில் தேனீக்களின் இரைச்சல்; அப்புறம் மனிதர். ஆமை என்ற பெயரையும், அதன் வளையத்தைக் கழற்றிவிட்டதையும் கேட்டதும் அவர் நெடுநேரம் சிரித்தார். “அதை எடுத்துட்டா அது ஆமை இல்லைங்க, தவளை,” என்றார். புதிதாகப் பழகுகிறவர் கை நடுங்கும். அந்த நடுக்கத்தை இயந்திரத்துக்குப் போகவிடாமல் நடுவில் நின்று வாங்கிக்கொள்வது அந்த வளையம்தான். தான் பழகத் தொடங்கிய ஆண்டில் தானே போட்டது. பிறகு நன்றாகப் பழகிய பின்னும் கழற்ற மனம் வரவில்லை.

தங்கை குனிந்து, கால் ஊன்றாமல் ஏழு கல் தாண்ட எத்தனை நாளாகும் என்று கேட்டாள்.

“கால் ஊன்றக் கூடாதுன்னு யாரும்மா சொன்னது? ஊன்றினா ஒரு புள்ளி போகும், அவ்வளவுதான். நின்னுட்டாத்தான் அஞ்சு. எனக்கு ஒரு புள்ளியும் போகாத நாள்னு மொத்தமே மூணு நாள் இருந்திருக்கும்.”

தொலைபேசி ஓய்ந்தது. அண்ணன் தங்கையைப் பார்க்காமல், வண்டியின் கைப்பிடியைப் பார்த்தபடி பேசினான்.

“நீ விழுந்தா நீயே தூக்கிக்கணும்னுதான் பாப்பா ஒவ்வொண்ணா குறைச்சேன். மேலே மலையில யாரு இருப்பா உன்னைத் தூக்க?”

“விழுந்தப்புறம் தூக்கறதுக்கு லேசா ஒரு வண்டி நான் கேட்கலைண்ணா. விழாம போறதுக்குக் கேட்டேன்.”

அவள் கடுமையாகச் சொல்லவில்லை. அதனாலேயே அது ஆழ இறங்கியது. அவன் நெற்றியைத் துடைக்கும் சாக்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டான், நெற்றியெல்லாம் கிரீஸ்.

“சரி, வளையம் எங்கே?” என்று பழைய இரும்புக் கூடையைக் கவிழ்த்தான். அதில் இல்லை. பலகைத் தட்டில் இல்லை. லேத்துக்கு அடியில் சுருள் சுருளாய்க் கிடந்த இரும்புச் சீவலைக் கையாலேயே துழாவினான். பழைய இரும்பு எடுக்க வருபவர் போன வாரம்தான் ஒரு மூட்டை அள்ளிப் போயிருந்தார். அண்ணனின் முகம் வெளுத்தது. அப்போதும் அண்ணி அசையாமல் நின்றாள். அவள் முகத்தில் ஒரு விசித்திரமான நாணம் படர்ந்தது.

“அது வெளியே போகலை,” என்றாள். “உள்ளே வாங்க.”

முன்னறையின் கிழக்கு மூலையில் ஒரு பலகை. அதன்மேல் அந்த வீட்டின் விளக்கு. பலகை நடுவில் கோணலாகக் குழிந்து, விளக்கு எப்போதும் சாய்ந்தே நின்றதும், எண்ணெய் ஒரு பக்கம் வழிந்ததும் பல ஆண்டுக் குறை. மூன்று வாரத்துக்கு முன் குப்பையில் கிடந்த ஒரு வளையத்தை அண்ணி கண்டெடுத்தாள். நன்கு கடையப்பட்டு, கண்ணாடிபோல் முகம் வழித்து, நான்கு துளைகளோடு அழகாக இருந்தது. அதைக் கழுவித் துடைத்து விளக்குக்குப் பீடமாக வைத்தாள். அன்றுமுதல் சுடர் நேராக எரிந்தது. ஒவ்வொரு மாலையும் அந்தச் சுடரின் முன்னால்தான், நாத்தனாருக்கு அச்சம் நீங்கவேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டிருந்தாள்.

மூவரும் பலகையின்முன் நின்றார்கள். கேட்டது கிடைக்கத் தடையாயிருந்த பொருள், கேட்ட இடத்தின் காலடியிலேயே மூன்று வாரமாக அமர்ந்திருந்தது. அண்ணிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒருங்கே வந்தன.

“சாமிக்குக் கொடுத்ததைத் திரும்ப எடுக்கலாமா அண்ணி?”

“சாமிக்கு இது வேணும்னா லேத்தை வாங்கிக்கட்டும்” என்றாள் அண்ணி. ஆனால் கை கூப்பிய பிறகே விளக்கைத் தூக்கினாள். வளையத்தை எடுத்து, அதில் ஊறியிருந்த எண்ணெயைத் தன் முந்தானையால் துடைத்து, கணவனிடம் தராமல், நாத்தனாரின் இரு கைகளிலும் வைத்தாள்.

அது அவள் எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தது.

பொருத்துவதற்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. மூடியைத் திறந்து, நான்கு திருகுகளையும் மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்கினான் அண்ணன். நான்காவதைத் தங்கையே இறுக்கினாள். கிக்கரை மிதித்தபோது ஆமை வேறு குரலில் பேசியது. காலையின் படபடப்பு அதில் இல்லை. டுப் என்று ஒன்று. அடுத்தது வருமா என்று ஐயுறும் அளவுக்கு இடைவெளி விட்டு, டுப் என்று மற்றொன்று. சொல்லைத் தேர்ந்து தேர்ந்து பேசும் ஒருவரின் நிதானம்.

ஓடைக்குச் சென்றபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. பனி மறுபடியும் கற்களின் இடுக்கிலிருந்து எழுந்துகொண்டிருந்தது. காலையின் வெண்மைக்கும் மாலையின் வெண்மைக்கும் நடுவே, பொன்னிறமாய் ஒரு சிறு இடைவெளி. அதற்குள் ஏழு கற்கள்.

அவள் நின்றபடி வண்டியைச் செலுத்தினாள். முதல் கல். இரண்டாம் கல். மூன்றாவதன் தோளில் முன்சக்கரம் ஏறியது. இயந்திரம் விக்கவில்லை. தாழ்ந்து, மேலும் தாழ்ந்து, அடங்குவதற்கு ஒரு மூச்சு முன்னால், தன்னுள் சுழன்றுகொண்டிருந்த கனத்தினாலேயே தன்னைத் தூக்கிக்கொண்டது. பாசியின் பச்சை கண்ணுக்கு அருகே மெல்ல நகர்ந்து போயிற்று. ஒரு சிறு நத்தையை அவள் கண்டாள். அதன் கொம்பு இரண்டும் நீண்டிருந்தன. இவ்வளவு மெதுவாகப் போகும்போதும் விழாமல் இருக்கமுடியும் என்பது அவளுக்கு நீருக்கடியில் மூச்சு விடுவதுபோல் இருந்தது. நான்காம் கல் கடந்தது எப்போது என்று தெரியவில்லை.

ஐந்தாம் கல்லில் பின்சக்கரம் வழுக்கியது. இடது கால், தழும்புள்ள அதே கால், கீழே போய்த் தரையைத் தொட்டது.

கரையில் அண்ணன் ஓர் அடி முன்னே வைத்தான். அவள் நிற்கவில்லை. இயந்திரம் டுப், டுப் என்று காத்திருந்தது. கால் மேலே எழுந்து மீண்டும் மிதியில் அமர்ந்தது. ஆறு. ஏழு. சாய்ந்த மரத்தின் ஈரப்பட்டையை அவள் உள்ளங்கை தொட்டது.

“ஒரு புள்ளி,” என்றாள் திரும்பிப் பார்த்து. குரல் நடுங்கியது, வண்டி நடுங்கவில்லை.

அண்ணன் கற்களைத் தாண்டி வந்து அவள் அருகே நின்றான். அவன் முகத்தில் ஏரிக்கரை இன்னும் இருந்தது. விலகப் பார்த்துக்கொண்டும் இருந்தது. இப்போதே சொல்லிவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. கையிலிருந்த கனத்தை இடம் மாற்றி வைக்கத் தெரிந்துகொண்ட நாள் இது.

“அண்ணா, அன்னிக்கு ஏரிக்கரையில, வானத்துல...”

வீட்டிலிருந்து அண்ணி அழைத்தாள். விளக்கேற்றும் நேரம்.

“வந்து சொல்லு பாப்பா. அவளைக் காக்க வச்சா ரெண்டு பேருக்கும் சேர்த்துத் திட்டு விழும்” என்று அவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு முன்னே நடந்தான். சொற்கள் அவள் நாவிலேயே நின்றன.

முன்னறையில், கடிதத்தின் வெற்றிடத்தில் அவள் “சம்மதம்” என்று எழுதினாள். கீழே குறிப்புக்கென்று ஒரு வரி இருந்தது. “வண்டி நனையாமல் நிறுத்த ஒரு கூரை வேண்டும்” என்று அதில் எழுதினாள்.

அண்ணி, பை தைத்து மிஞ்சிய கித்தானை நான்காக மடித்து, பலகையின் குழியில் வைத்து அதன்மேல் விளக்கை நிறுத்தினாள். வளையம் இருந்த இடத்தில் ஒரு வட்டமான எண்ணெய்த் தடம் மட்டும் எஞ்சியிருந்தது. அதை அவள் துடைக்கவில்லை. திரியைத் தூண்டிச் சுடர் வைத்தாள். சுடர் ஒரு பக்கம் சற்றே சாய்ந்து எரிந்தது. சாய்ந்த அந்தச் சுடரின் முன் கண்மூடி, உதட்டுக்குள் ஒரு பதிகத்தை முடித்தாள். இன்று கேட்பதற்கு எதுவும் இல்லாததால் வெறுமனே சிறிது நேரம் நின்றாள்.

பிறகு திரும்பி, குனிந்து நின்ற நாத்தனாரின் தலையில், கிரீஸும் பாசியும் படிந்த கூந்தலின்மேல், கையை வைத்தாள்.

“கால் ஊன்றினாலும் நிக்காம போம்மா. போற வழியெல்லாம் உனக்கு விளக்கா இருக்கட்டும். நல்லா இரு.”